நாலு விரல் அகலம்

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரிக்க ஒரு பழைய ப்ரூஃப் தாளை உருவிய பிழை திருத்துபவர், அதைப் படித்துத் தொலைத்துவிட்டார். பசி போய்விட்டது.

பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் ஆங்கில வினைச்சொல் சார்ட். நேற்று அவரே 'சரி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியது. இடப்பக்கம் 'இர்ரெகுலர்' என்று தலைப்பு. அதன் கீழே வாக், டாக், ஜம்ப் என்று சாதுவான சொற்கள். வலப்பக்கம் 'ரெகுலர்'; அதன் கீழே கோ, ஈட், ரன் என்று அடங்காத கூட்டம்.

அச்சடித்த நூற்றிருபது சார்ட்டும் சுருட்டி, ரப்பர் பாண்டு மாட்டி, வாசலருகே நின்றன. மூன்று மணிக்கு வேன் வரும்.

போன மாதம், டைப் அடிக்கும் பெண் காய்ச்சலில் படுத்த ஒரே வாரத்தில், இவர் விட்ட மூன்று பிழைகள் வெளியே போய்விட்டன. "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா வீட்டோட இருந்துக்குங்க" என்றார் முதலாளி. மகளின் நர்ஸ் படிப்பு முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் பைண்டர்.

தலைப்பு ரெண்டும் இடம் மாறியிருப்பதைச் சொன்னார்.

"ரெகுலர்னா என்ன, இர்ரெகுலர்னா என்ன?"

"ஒழுங்கா ஒரே மாதிரி மாறினா ரெகுலர். இஷ்டத்துக்கு மாறினா இர்ரெகுலர்."

"அப்ப நம்ம முதலாளி இர்ரெகுலர்."

"விளையாடாதப்பா. மூணு மணிக்கு வேன் வந்துடும்."

"முதலாளி வர மூணரை ஆகும். சரியான தலைப்பை அடிச்சு மேல ஒட்டிடலாம். நான் இருக்கேன்ல?"

கடவுள் ஆளை அனுப்பிவிட்டார் என்று பிழை திருத்துபவருக்குக் கண் கலங்கியது. டைப் அடிக்கும் பெண் மூன்று மணி வரை லீவு. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே அடித்து, பட்டை பட்டையாக வெட்டினார்.

"முழுசா விரிக்காதீங்க. திரும்பச் சுருட்ட பொழுது போயிடும்" என்றார் பைண்டர். "மேல நாலு விரல் அகலம் போதும்."

நாலு விரல் விரித்தார்கள். இடப்பக்கம் 'இர்ரெகுலர்'. சந்தேகமே இல்லை. பட்டையை ஒட்டினார்கள்.

பசை தண்ணியாக இருந்தது. முப்பதாவது சார்ட்டில், முதல் சார்ட்டின் பட்டை சுருண்டு எழுந்து நின்றது.

"செலோடேப் போட்டு அமுக்கிடலாம்ணே."

போட்டார்கள். ஒரு டேப் கோணலாக விழுந்தது. பிய்த்தார்கள். தலைப்புக்கு மேலே படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பள்ளித் தாளாளரின் மீசை டேப்போடு வந்துவிட்டது.

"ஐயையோ!"

"பேனாவால வரைஞ்சிடலாம்."

வரைந்தார்கள். ஈரத்தில் மை ஊறி மீசை தாடியாயிற்று.

"ஒருத்தருக்கு மட்டும் தாடின்னா சந்தேகம் வரும்ணே" என்று கவலைப்பட்டார் பைண்டர். அந்தச் சார்ட்டைத் தனியே ஒதுக்கினார்கள். மற்றவற்றைக் காய வைக்க மின்விசிறியைப் போட, பாதி உருண்டோடி எண்ணெய்க் கறையில் விழுந்தன. கறை படிந்த ஓரத்தைக் கத்தரித்ததில் பள்ளியின் பெயரில் இரண்டு எழுத்து போயிற்று.

மூன்று மணிக்கு வேன்காரர் ஒன்றும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போனார்.

"கறை, வெட்டு எல்லாம் மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம்" என்றார் பிழை திருத்துபவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "தலைப்பு சரியா இருக்கு. அது போதும். நீ செஞ்ச உதவிய சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அட விடுங்கண்ணே. மனுஷனுக்கு மனுஷன்."

டைப் அடிக்கும் பெண் உள்ளே வந்தாள். ஒதுக்கி வைத்த சார்ட்டைப் பார்த்தாள்.

"என்ன சார் இது, தாளாளருக்குத் தாடி?"

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. தலைப்பு மாறிப் போயிருந்துச்சு. நல்லவேளை, நூத்தி இருபதுலயும் மாத்தி ஒட்டிட்டோம்."

அவள் சார்ட்டை முழுவதுமாக, கடைசி வரி வரை விரித்தாள்.

"ரெண்டு வருஷமா நீங்க விடுற தப்பையெல்லாம் நான்தான் யாருக்கும் தெரியாம திருத்தி வைக்கிறேன் சார்" என்றாள் மெல்ல. "இதுலயும் தலைப்ப அப்படியே விட்டுட்டு, கீழ இருந்த சொல்லையெல்லாம் நேத்தே பக்கம் மாத்திப் போட்டுட்டேன்."