பெருவங்கியம் வராத கல்யாணம்

பெயர்த்துரை என்றொரு ரகம் இருக்கிறது. தோட்டத்துத் துரைக்கு மலையைச் சுற்றிப் பார்க்கிற வேலையாவது உண்டு. இந்தத் துரைக்கு அதுவும் இல்லை. அடுத்தவர் கையில் இருக்கும் கருவிக்குப் பழைய பெயர் சொல்வதுதான் இவருடைய முழுநேர உத்தியோகம்.

இவரைத் தேடி அலைய வேண்டாம். ஏணியில் ஏறி, ஒரு கையால் மின்விசிறியையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு, "அந்த ஸ்குரூ டிரைவரக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கிருந்தோ வந்து கீழே நிற்பார். திருப்புளி என்ற அருமையான சொல் இருக்கும்போது இந்த ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று தொடங்கி, உளி எத்தனை வகை, எது செதுக்கும், எது இழைக்கும் என்று விரித்து, நீங்களே இறங்கி அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறும்வரை பேசுவார். எடுத்துக் கொடுப்பாரா? மாட்டார்.

எங்கள் மாத்தளையில் இந்த ரகத்துக்கு அசல் மாதிரி, ஏதோ ஒரு கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இராசமாணிக்கம். மிளகு நிறுக்கிற இடத்தில் போய் நின்று, பச்சை எழுத்தில் இலக்கம் ஓடும் தராசைக் காட்டி, இதைத் துலாக்கோல் என்று சொல்ல ஏன் கூச்சம் என்பார். மேசன் பாஸ் சுவரை அளக்க டேப்பை இழுத்தால் முழக்கோல் என்பார். காலையில் ஸக்கரியாவின் ஹாட்வெயார் கடைதான் அவருக்குக் கோயில்.

"துறப்பணம் வைத்திருக்கிறீர்களா?"

"ட்றில்தானே சேர்? இரிக்கி. வாங்க வந்தீங்களா, இல்லாட்டி பேர் வைக்க வந்தீங்களா?"

வாங்கினால்தானே! அவர் வீட்டு வாசற்கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. கீலுக்கு ஆறு பெயர் தெரியும். ஆணி அடிக்கத்தான் தெரியாது.

இதில் பெரிய வேடிக்கை, இப்படிப்பட்டவர்களை நாம் நம்பிவிடுவது. பெயர் தெரிந்தவருக்கு விஷயமும் தெரியும் என்று யார்தான் நினைக்கவில்லை? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவும் அப்படித்தான் நினைத்தார். மகள் நிரோஷாவுக்குக் கல்யாணம். மண்டபமும் சாப்பாடும் எளிமை. ஆனால் மேளத்தில் மட்டும் பேச்சியம்மா பிடிவாதமாக இருந்தார்.

"என் கழுத்துல தாலி ஏறுறப்ப ஒரு தப்பு அடிக்கக்கூட ஆளில்லண்ணே. இருமுற சத்தம்தான் கேட்டுச்சு. என் மகளுக்கு மேளம் கொட்டணும். நீங்கதான் வாத்தியத்தப் பத்தியெல்லாம் பேசுறீங்களே, நல்ல செட்டாப் பாத்துப் பேசிக் குடுங்க."

பேசுவதா? இராசமாணிக்கத்துக்குக் கரும்பு தின்னக் கூலி. பலாபத்வலைப் பக்கத்து நாதஸ்வரக்காரர் நிமலனுக்கு உடனே போன் போட்டார்.

"தம்பி, பெருவங்கியம் வாசிப்பீங்களா?"

"நாதஸ்வரம்ங்களா சேர்? வாசிப்போம்ங்க. எந்தத் தேதி?"

"தேதி இருக்கட்டும். பெருவங்கியம்னு சொல்லிப் பழகணும். அப்புறம், தவிலுக்கு முந்தி நம்மகிட்ட முழவு, தண்ணுமைன்னு எத்தனை இருந்திச்சு தெரியுமா?"

"தெரியாதுங்க சேர். தேதி சொன்னீங்கன்னா…"

"வாரேன், வாரேன். தண்ணுமைக்கு வாரேன்."

வந்தார். தண்ணுமையிலிருந்து இடக்கைக்குப் போனார், அங்கிருந்து திமிலைக்குப் போனார், யாழைத் தொட்ட நேரத்தில் ரீலோட் காசு தீர்ந்து அழைப்பு அறுந்தது. முகத்தில் பரம திருப்தி.

"பேசிட்டீங்களாண்ணே?"

"பேசியாச்சு தங்கச்சி. தங்கமான பையன், எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டான்."

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை வந்தார், ஐயர் வந்தார், மேளம் வரவில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்கப் பேச்சியம்மா வாசலுக்கும் மேடைக்குமாக ஓடினார். கடைசியில் இராசமாணிக்கத்திடம் நம்பரை வாங்கி அவரே நிமலனுக்குப் போன் போட்டார்.

"அம்மா, நாங்க இப்ப கண்டியில வேற கல்யாணத்துல இருக்கோம்ங்க. அன்னைக்குப் பேசின சேர் முப்பது வாத்தியத்துக்குப் பேர் சொன்னாருங்க. தேதிய மட்டும் சொல்லவே இல்லீங்களே!"

பேச்சியம்மா போனை வைத்துவிட்டு இராசமாணிக்கத்தைப் பார்த்தார். திட்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. எனக்கு அந்த மனிதரை அப்படியே தூக்கி மகாவலியில் போடலாம் போல இருந்தது. அவரோ வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, "அசல் முறைப்படி பார்த்தால் சங்கு ஒன்றே போதும்" என்றார். சங்கு இருந்ததா? அதுவும் இல்லை.

ஐயர் தாலியைக் கையில் எடுத்தார். மண்டபம் கப்சிப். ஒரு பெரியவர் இருமினார்.

அந்த இருமலைக் கேட்டதும் பேச்சியம்மாவுக்கு என்ன வந்ததோ, சமையல்கட்டுக்குள் பாய்ந்து பெரிய தாச்சிச் சட்டியைத் தூக்கி வந்து கரண்டியால் ஓங்கி அடித்தார். சாப்பாட்டுக்கு வந்திருந்த ஸக்கரியா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். சமையல்காரர்கள் மூடிகளோடு ஓடி வந்தார்கள், பெண்கள் எவர்சில்வர் தட்டுகளை எடுத்தார்கள், பிள்ளைகள் கதிரைகளைத் தட்டினார்கள். ஒரு மூடியைப் பேச்சியம்மா இராசமாணிக்கத்தின் கையில் திணித்தார்.

"இதைச் சேமக்கலத்தின் வகையாக…" என்று அவர் ஆரம்பித்தார்.

"அடிங்கண்ணே!"

அடித்தார். தாளம் சேரவில்லை, யாருக்கும் கேட்கவும் இல்லை. தெருவில் போன பஸ்ஸின் ஹோர்ன்கூட அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. தாலி ஏறியது. நிரோஷா சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளைக்கு இரண்டாவது முடிச்சு நழுவி, மறுபடி போட வேண்டியதாயிற்று. பேச்சியம்மா தாச்சியை அடித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே அடித்தார்.

பந்தியில் பாயசம் பரிமாறியது பேச்சியம்மாதான். இராசமாணிக்கத்தின் இலைக்கு முன்னால் வாளியோடு நின்று, கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குப் பழைய பேரு என்னங்கண்ணே?"

அவர் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். முதல் பெயரைச் சொல்வதற்குள் வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. பேச்சியம்மா அந்தக் கரண்டியைத் தூக்கிக் காட்டியபோது உங்களுக்குப் பாயசம் ஞாபகம் வந்ததா, அகப்பை என்ற சொல் ஞாபகம் வந்ததா? அகப்பைதான் என்றால், பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது தயவுசெய்து போனை அணைத்து வையுங்கள்.