பேட்டரி இருபதுக்குக் கீழே

பேட்டரி 48-லிருந்து 45-க்கு இறங்கியதைப் பார்த்ததும் நல்லதம்பி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

சோதனை ரயில் அப்போதுதான் அரியலூரைத் தாண்டியிருந்தது. டீசல் என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் இரண்டு பெட்டி வண்டி. மேலே கரண்ட் கம்பி தேவையில்லை. தண்டவாளமே பார்க்காத பெரம்பலூருக்குப் புதுப் பாதை போட்டால் இதைத்தான் விடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ரயில் கோரிக்கைக் குழுவின் செயலாளர் நல்லதம்பி, ஹார்டுவேர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். சத்தமில்லாமல் வண்டி நகர்ந்ததும், வண்டி போடாத சத்தத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டார்கள்.

கிளம்புமுன் இன்ஜினீயர் சுதர்சன் விளக்கியிருந்தார். வண்டியின் விலை மட்டும் செலவு ஆகாது. முப்பது வருஷத்து டீசல், பழுது, பேட்டரி மாற்றுவது எல்லாம் கூட்டி, ஏறுகிற தலைகளால் வகுக்க வேண்டும். பேட்டரி அடிக்கடி இருபதுக்குக் கீழே போனால் அதன் ஆயுள் பாதியாகிவிடும். சீட் காலியாகக் கிடந்தாலும் கணக்கு உதைக்கும். இரண்டில் எது நடந்தாலும் புதுப் பாதைக்கான பட்டியலில் பெரம்பலூர் இருக்காது.

சொல்லிவிட்டு அவர் டிரைவர் அறைக்குப் போய்விட்டார். நல்லதம்பியின் சீட்டுக்கு முன்னால் மேஜைமேல் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. கோடுகளும் படங்களுமாக நெளிந்த திரையில் நல்லதம்பிக்குப் புரிந்தது பேட்டரி எண் ஒன்றுதான்.

இப்போது 43.

எதிர் சீட்டில் லப்பைக்குடிக்காட்டு நண்பர் நிஜாமுதீன், மேஜையடியில் செருகியிருந்த ஏதோ ஒயரைப் பிடுங்கித் தன் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, துபாயிலிருக்கும் மகனுக்கு வீடியோவில் ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாய், நீங்க போனைச் செருகுனதுலேர்ந்துதான் எறங்குது.”

“ஒரு போனு குடிச்சா ரயிலு வத்திடும்?”

“பின்னாடி பாருங்க. முப்பது போனு குடிக்குது.”

பேசிப் பயனில்லை என்று, பெட்டி உதவியாளரைக் கெஞ்சி சாக்கெட்டுகளின் மெயின் சுவிட்சையே அணைக்கவைத்தார். திரும்பி வந்து பார்த்தால் 38.

அடுத்து ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார். பஸ் பழக்கத்தில் ஆளாளுக்கு ஜன்னல் கண்ணாடியைத் தூக்கப் பார்த்தார்கள். அது அசையாத கண்ணாடி. இட்லிக் குண்டானில் உட்கார்ந்தது போல் வியர்த்து, நல்லதம்பியின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

33.

அப்படியானால் பாரம்தான் காரணம் என்று முடிவு செய்தார். நடைவழி நெடுக சின்ன வெங்காய மூட்டைகள். செட்டிகுளத்தில் வெங்காயம் விற்கும் சிந்தாமணியும் அவள் கூட்டத்தாரும் கொண்டுவந்தவை. ரயில் லால்குடி வரை போகிறது என்றதும், போகிற வண்டி சும்மாவா போகும் என்று ஏற்றிவிட்டார்கள்.

சில்லக்குடியில் வண்டி நின்றதும் நல்லதம்பி மூட்டைகளைப் பிளாட்பாரத்துக்கு இழுத்தார். அவற்றைப் பிடித்துக்கொண்டே சிந்தாமணியும் இறங்கினாள்.

“என்னண்ணே, வெங்காயத்த எறக்குறீங்க?”

“பாரம் தாங்கலம்மா. நீங்கல்லாம் உள்ள போயி உக்காருங்க. ஆளு கொறையக் கூடாது.”

“எம் மூட்டைக்கு எடமில்லாத வண்டியில எனக்கு என்ன வேல?”

அவளோடு பாதிப் பெட்டி இறங்கியது. பதறிப்போய் மூட்டைகளை மறுபடி தூக்கி வாசலில் அடுக்கினார். அதற்குள் மீதிப் பாதியும் இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. காற்று நன்றாக வருகிறது, ரயிலை நீயே ஓட்டிக்கொண்டு போ என்று அங்கிருந்து நிஜாமுதீன் கையசைத்தார்.

உள்ளே ஓடிப் பார்த்தார். 20.

வண்டி ஏன் கிளம்பவில்லை என்று சுதர்சன் வந்தார். காலி சீட்டுகள், செத்த ஏ.சி., வாசலை அடைத்த வெங்காயம். ஒவ்வொன்றையும் பார்த்து டேப்லெட்டில் குறித்துக்கொண்டார்.

நல்லதம்பி கையெடுத்துக் கும்பிட்டார். “சார், இருவதத் தொட்டுடுச்சு. எங்க ஊரு பேர மட்டும் அடிச்சுடாதீங்க. வேணும்னா லால்குடி வரைக்கும் நானே தள்ளிக்கிட்டு வரேன்.”

“பேட்டரிய விடுங்க. ஆளே ஏறாத ரயிலுக்கு நான் எந்தத் தலையால வகுக்கறது?”

சொல்லிக்கொண்டே பெரம்பலூர் என்ற பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். நல்லதம்பி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் அறையில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த உதவி இன்ஜினீயர் நந்தினி அப்போதுதான் பெட்டிக்குள் வந்தாள். மேஜையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“சாக்கெட்ட யாருங்க ஆஃப் பண்ணது? என் லேப்டாப் சார்ஜ் இருவதுக்கு வந்துடுச்சு. ரயில் பேட்டரிதான் காலையிலேர்ந்து தொண்ணூறுக்குக் கீழ எறங்கவே இல்லையே, அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்தா என்ன?”