அப்பவே திறந்த கதவு

மனித குலத்தில் ‘அப்பவே’க்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் ஒரு புதிய விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது பழைய விஷயம் என்று நிரூபித்துவிடுவார்கள். வீட்டுக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்கினால், “எங்க சித்தப்பா அப்பவே பீப்பாய்க்குக் கைப்பிடி வச்சுச் சுத்துவார்” என்பார்கள். டாக்டர் புது மருந்து எழுதிக் கொடுத்தால், அது அவர்களுடைய அத்தை அப்பவே அரைத்துக் கொடுத்ததாக இருக்கும். உலகத்தில் இனி கண்டுபிடிக்க எதுவும் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் அவர்களுடைய உறவினர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த இனத்தில் பெரும்பாலானவர்கள் இந்தச் சேவையை இலவசமாகவே செய்கிறார்கள். ஒருவர் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார். அவரைப் பார்த்துவிட்டால் மற்றவர்களைப் பார்த்த மாதிரிதான்.

அவர் ஒரு சொகுசுக் கார் நிறுவனத்தில் பாரம்பரியப் பிரிவின் தலைவர். சாதாரணக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே பதிக்கும் மரப்பலகைகள் எல்லாம் ஒரே மரத்திலிருந்து வர வேண்டும், கூடப் பிறந்தவர்களின் சாயல் போல ரேகைகள் ஒத்துப்போக வேண்டும். இருக்கையின் தோலைக் கையால்தான் தைப்பார்கள். பக்கவாட்டில் ஓடும் ஒற்றைக் கோட்டை ஒரே ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் இழுப்பார், அவர் தும்மினால் வண்டி மறுபடி பெயின்ட் கூடத்துக்குப் போகும். கதவு மூடும்போது என்ன சத்தம் வர வேண்டும் என்று முடிவு செய்வதற்கே தனியாக ஓர் அறை, அந்த அறைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நான்கு பேர். இத்தனை பேரும் பாடுபட்டு ஒரு கார் வெளியே வந்து நிற்கும்போது நம்மவர் வருவார். தொண்டையைச் செருமுவார்.

“இதையெல்லாம் நிறுவனர் அப்பவே யோசிச்சுட்டாருங்க.”

தொழிற்சாலையில் அவரை ‘அப்பவே ஐயா’ என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்.

நிறுவனர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அங்கே அவரளவுக்கு உழைப்பவர் யாருமில்லை. பின்கண்ணாடியில் பனி படியாமல் இருக்கச் சூடேற்றும் கம்பியா? நிறுவனர் அப்பவே கண்ணாடிக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையைப் பிடித்திருக்கிறார். வழிகாட்டும் திரையா? நிறுவனருக்கு வண்டியை நிறுத்தி ஆட்களிடம் வழி கேட்கும் பழக்கம் உண்டு. மின்சார மோட்டாரா? நிறுவனர் ஒருமுறை ஷாக் அடித்துக் கீழே விழுந்திருக்கிறார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, கதவுப் பிரிவில் ஒரு பெண் இன்ஜினியர் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்து தொலைத்தாள். புது மாடலின் அறிமுக விழாவுக்கு முன்னால் அப்பவே ஐயாவின் அறைக்கு வந்து நின்றாள்.

“ஐயா, மேடையில நீங்கதான் பேசுறீங்களாம். கதவைப் பத்திச் சொல்றப்ப என் பேரையும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்கப்பா வீட்ல போன்ல நேரலையா பாப்பார். பேரு வரும்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“தாராளமா சொல்லிடலாம்மா. என்ன கதவு அது?”

“காரோட சொந்தக்காரர் நடந்து வர்ற நடையை வச்சே அவர்தான்னு கண்டுபிடிச்சுத் தானா திறக்கும். சாவி வேணாம், கை வைக்க வேணாம். இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல ஐயா.”

கடைசி வாக்கியத்தை அவள் தவிர்த்திருக்கலாம். அப்பவே ஐயா கண்ணை மூடினார். பாரம்பரியம் ஊறும்போது அவர் அப்படித்தான் மூடுவார்.

“அப்படிச் சொல்லாதம்மா. நிறுவனரோட செருப்புச் சத்தம் வராந்தாவில கேட்டாலே போதும், டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்துட்டு நிப்பார். அப்பவே.”

“ஐயா, அது டிரைவர்.”

“இப்ப நீங்க சென்சார்ங்கிறீங்க.”

“இதுக்கு நாங்க மூணு வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கோம் ஐயா.”

“அதத்தான் சொல்றேன். நிறுவனர் ஒரே நாள்ல ஆள் போட்டு முடிச்சுட்டார்.”

விழா நாள் வந்தது. பெரிய மண்டபம், நிருபர்கள், விளக்குகள், நடுவில் பட்டுத் துணி போர்த்திய கார். நிறுவனரின் பேரன்தான் இப்போது சேர்மன். அவர் நடந்து வர வேண்டும், கதவு அவரைக் கண்டு திறக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவருடைய நடையைப் பல வாரங்களாகக் கதவுக்குப் பழக்கியிருந்தார்கள். அன்றைக்கென்று அவர் புது ஷூ போட்டிருந்தார்.

மைக்கைப் பிடித்த அப்பவே ஐயா வராந்தா, செருப்புச் சத்தம், டிரைவர் எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னார். இன்ஜினியரின் பெயர் வரவில்லை. மேடையின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவளுடைய அப்பா வீட்டில் போனின் சத்தத்தை முழுசாக வைத்துக் காத்திருந்தார்.

துணி விலகியது. சேர்மன் நடந்தார். கதவு திறக்கவில்லை.

அவர் திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தார். கதவு அசையவில்லை. கதவைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்தால் பெற்ற தாயே யாரோ என்றுதான் நினைத்திருப்பார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு நிருபர் கேட்டார்:

“ஐயா, இதையும் நிறுவனர் அப்பவே யோசிச்சாரா?”

அப்பவே ஐயா கண்ணை மூடவில்லை. முழுசாகத் திறந்தார்.

“இல்லைங்க. இது புத்தம் புதுசு. இதுக்கும் பாரம்பரியத்துக்கும் சம்பந்தமே கிடையாது. முழுக்க முழுக்க நம்ம கதவுப் பிரிவு இன்ஜினியரம்மாவோட சொந்தக் கண்டுபிடிப்பு” என்று சொல்லி, அவளுடைய பெயரை இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். யார் என்று கையும் காட்டினார்.

அவள் நேராகச் சேர்மனிடம் போனாள்.

“சார், ஷூ கடிக்குதா?”

“இல்லையே.”

“சார்.”

“கொஞ்சம்.”

“கழட்டிட்டு, எப்பவும் போல நடங்க சார்.”

கழற்றினார். ஒரு சாக்ஸிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. சொகுசுக்கும் ஓர் எல்லை உண்டு. வெறும் சாக்ஸோடு சாதாரணமாக நடந்தார். அந்த நான்கு பேரும் காதைத் தீட்டித் தேர்ந்தெடுத்த மெல்லிய சத்தத்தோடு கதவு திறந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் மைக் திரும்பவும் அப்பவே ஐயாவின் கையில் இருந்தது.

“நிறுவனர் ஷூவைக் கழட்டிட்டுத்தான் வண்டியில ஏறுவார். அப்பவே.”

“ஆமா, நானே பாத்திருக்கேன்” என்றார் சேர்மன். அவர் பிறப்பதற்கு முன்பே தாத்தா காலமாகிவிட்டிருந்தார்.

விழா முடிந்ததும் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“பேரு சொன்னாங்கம்மா. இனிஷியலோட.”

“கதவு திறக்காதப்ப சொன்னாங்கப்பா.”

“அதனால என்ன? அப்பதான எல்லாரும் கவனிச்சுக் கேட்டாங்க. நான் பஸ் ஓட்டுறப்பவும் நடுவழியில வண்டி நின்னாத்தான் டிரைவர் பேரைக் கேப்பாங்க.”

தொழிற்சாலை அருங்காட்சியகத்தில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. ‘நிறுவனரின் எளிமை’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதிகம் தேயவில்லை. ஒரு தடவை போட்ட மாதிரிதான் தெரிகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்காக நாம் வருத்தப்பட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சில மாதங்கள் கழித்து அவள் மறுபடி அப்பவே ஐயாவின் அறைக்கு வந்தாள். உட்காருபவரின் முதுகுக்கேற்ப வளைந்துகொடுக்கும் இருக்கை ஒன்றைச் செய்ய அவளுக்கு ஆசை. மேலிடம் பணம் தர மறுத்துவிட்டது.

“ஐயா, நம்ம நிறுவனருக்கு முதுகுவலி இருந்துச்சா?”

அப்பவே ஐயா கண்ணை மூடினார்.

“எந்த இடத்திலம்மா?”

“இடுப்புக்குக் கொஞ்சம் மேல. இடது பக்கமா.”

“பயங்கரமா இருந்துச்சு.”

அடுத்த கூட்டத்திலேயே பணம் கிடைத்துவிட்டது. “இந்தத் தடவை உன் பேரை முதல்லயே சொல்லிடவாம்மா?” என்று அவர் பெருந்தன்மையாகக் கேட்டார்.

“வேணாம் ஐயா. சீட் மக்கர் பண்றப்ப சொல்லுங்க. எங்கப்பா கவனிச்சுக் கேப்பார்.”

ஆக, இந்த இனம் பரவக்கூடியது. நீங்கள் அதில் சேர்த்தி இல்லை என்றுதான் நம்புகிறேன். எதற்கும் ஒரு சின்னப் பரிசோதனை. கதவு திறக்காமல் நின்றபோது, “ஷூதான் காரணமா இருக்கும்னு நான் அப்பவே நினைச்சேன்” என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லும்போது கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.