கிட்டங்கியில் நான் ஸ்பானியம் பேசிய நாள்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று எனக்குத் திருநெல்வேலியில் இரண்டு சரக்குக் கிட்டங்கி, தூத்துக்குடியில் ஒன்று. பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?) கைதூக்கிவிட ஆளில்லாமல் மேலே வந்தவனிடம் ஒரு குறை இருக்கும். ஒன்று தெரிந்தால் ஒன்பது தெரியும் என்பான். நான் ஒன்றும் தெரியாமலே தொண்ணூறு தெரியும் என்றவன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். நிலாவரை வியாபாரி ஒருவரிடம் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். நிலாவரை என்றால் பேதிக்குக் கொடுக்கிற இலை. நம் சீமையில் விளைந்து வெள்ளைக்காரன் வயிற்றையெல்லாம் சுத்தம் செய்தது. தூத்துக்குடிக் கம்பெனி மூலமாகத்தான் அது கப்பலேறும். அந்தச் சமயம் ஒரு ஸ்பானியத் துரை நேரிலேயே வந்து வாங்கப் போகிறார் என்று சேதி வந்தது. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. எங்கள் முதலாளிக்கு அதுவும் இல்லை.

"எனக்கு அந்தப் பாஷை தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

"ஏலே, நெசமாவா?"

"தண்ணி பட்ட பாடு."

"அப்பம் நீயே பேசு. காரியம் முடிஞ்சா தூத்துக்குடிக் கடைக்கு ஒன்னைத்தான் அனுப்புவேன்."

தூத்துக்குடிக் கடை! கோணி ஊசியை எறிந்துவிட்டு மெத்தையில் சாயலாம். துரை வரப் பத்து நாள் இருந்தது. அன்று சாயங்காலமே மேலப்பாளையத்துக்கு ஓடினேன். அங்கே மீரான் சாயபு, ஸ்பானியர் ஆண்ட மணிலாவுக்குப் போகிற கப்பலில் இருபது வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்திருந்தார்.

"முழுப் பாஷையும் எனக்கே வராதுலே. கறி, மீன் வாங்கக் கரையில எறங்குவேன். வாங்குததுக்கு உள்ள சொல்லு மட்டும் சுத்தமா வரும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்தேன். கொம்ப்ரோ என்றால் நான் வாங்குகிறேன். கொம்ப்ராஸ், நீ வாங்குகிறாய். கொம்ப்ரா, அவன் வாங்குகிறான். கொம்ப்ராமோஸ், நாம் வாங்குகிறோம். கொம்ப்ரான், அவர்கள் வாங்குகிறார்கள்.

"நான், நீங்கறதெல்லாம் எங்க சாயபு?"

"அது எதுக்கு? 'வாங்குதேன்'னு நீ சொன்னா, நீதான் வாங்குதன்னு எனக்குத் தெரியாதா? அதே கததாம்லே."

பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழில் சொல்லின் வால்தான் ஆளைக் காட்டுகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஏழு கடலுக்கு அப்பால், என் அம்மையைக் கண்ணால் பாராத எவனோ, என் அம்மையைப் போலவே வாலை மாற்றி மாற்றிப் பேசுகிறான்! திரும்பி வரும்போது பாலத்தின் கீழே ஓடிய தாமிரபரணிகூட எனக்குப் புது ஆறாகத் தெரிந்தது.

மனப்பாடம் செய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன அதே ராகம், அதே ஆட்டம். ஆனால் வாய்ப்பாட்டுக்காரனிடம் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால், அவன் ஓரெட்டிலிருந்துதானே வர முடியும்?

துரை வந்தார். தாடி நெஞ்சுவரை. இலையைக் கசக்கினார், முகர்ந்தார், கொஞ்சம் மென்றும் பார்த்தார். (பின்விளைவை அவர் தங்கிய பங்களாக்காரர்கள் அறிவார்கள்.) பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். அதில் 'கொம்ப்ரோ' மட்டும் காதில் விழுந்தது. கொம்ப்ராஸ் என்று பதில் சொல்ல நினைத்தேன். வாய் முதலிலிருந்து புறப்பட்டுவிட்டது. கண்ணை மூடி, ஆடி ஆடி, ஐந்தையும் ராகத்தோடு சொல்லி முடித்தேன்.

கண்ணைத் திறந்தால், கணக்குப்பிள்ளை எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பி நிற்கிறார்! பழுத்த சைவர், எந்த நாட்டுப் பதிகமானாலும் உட்கார்ந்து கேட்கமாட்டார். அவரைப் பார்த்து அண்ணாச்சியும் எழுந்தார். சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்கள். துரை மிரண்டுபோய்த் தொப்பியைக் கழற்றினார்.

கும்பிடுகிறவர்களை ஏமாற்றலாமா? இன்னொரு தரம் எடுத்தேன். கொம்ப்ராமோஸிலிருந்து கொம்ப்ரானுக்குத் தாவும்போது துரை விரலை உயர்த்தினார்.

"கொம்ப்ராய்ஸ்!"

நீங்களெல்லாம் வாங்குகிறீர்கள். சாயபு விட்டுவிட்ட ஒன்று! அப்புறம் துரையும் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். ஏறக்குறைய அதே ராகம், அதே ஆட்டம். அவர் ஊர் வாத்தியாரும் பிரம்பு வைத்திருந்திருக்க வேண்டும். ஆறையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொன்னோம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தூத்துக்குடிக் கடை மறந்தே போயிற்று.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீளமாக வேறொன்று கேட்டார். என் கைவசம் இருந்தது தீர்ந்துவிட்டது. மறுபடியும் "கொம்ப்ரோ" என்றேன்.

"பாடினது போதும். என்னலே சொல்லுத அவர்ட்ட?" என்றார் அண்ணாச்சி.

"நான் வாங்குதேன், நீ வாங்குத, அவன் வாங்குதான், நாம வாங்குதோம், நீங்க வாங்குதிய, அவிய வாங்குதாவ."

கணக்குப்பிள்ளை கூப்பிய கையை இறக்கினார்.

"எல்லாரும் வாங்குதான். எவம்லே விக்கான்?" என்றார் அண்ணாச்சி.

விற்பதற்குச் சொல் சாயபுவிடம் ஏது? அவர் எதையும் விற்றதில்லையே. சரக்கு எப்போது கப்பலேறும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் துரை கம்பெனியிடமே வாங்கிப் போனார். போகும்போது என் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினார். தூத்துக்குடிக் கடைக்கு வேறொருவன் போனான். கிட்டங்கியில் எனக்குப் 'பதிகம்' என்று பெயர் வைத்தார்கள். அது தாங்காமல்தான் தனிக்கடை போட்டேன். மற்றது ஊரறிந்த கதை.

இப்போதும் வீட்டில் ஜவுளி எடுக்கப் புறப்பட்டால், என் பெண்டாட்டி முதல் கடைசி மருமகள்வரை வரிசையாக நின்று, என் முகத்துக்கு நேரே ஆறையும் ராகத்தோடு சொல்கிறார்கள். கேலிக்குத்தான். நானும் சிரிக்கிறேன். ஆனால் துரை சொல்லிக்கொடுத்த அந்த ஐந்தாவது வரும்போது மட்டும் என்னையறியாமல் எழுந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன்.