பட்டன் அளவு

மண்வெட்டி மண்ணுக்குள் போய்விட்டது. வெளியே வரமாட்டேன் என்றது.

மாஸ்டர் இடது கையால் இழுத்துப் பார்த்தார். வலது கையைப் பிடியோடு சேர்த்து ஒரு துணி நாடாவால் கட்டியிருந்தார். கட்டாவிட்டால் அது நழுவிக் கீழே தொங்கிவிடும். காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். பிடி மட்டும் கையோடு வந்தது. இரும்பு மண்ணிலேயே தங்கிவிட்டது.

"என்ன மாஸ்டர், ரெண்டும் பாகம் பிரிச்சுக்கிச்சா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மாடியில் குடியிருப்பவர் ஸ்கூல் வேன் டிரைவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மூன்று மணி வரை வேலை கிடையாது. பின்பக்கத்து பால்கனியில் நின்று கீழே நடப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"மேலேயிருந்து பேச யாருக்கும் வரும். இறங்கி வந்து ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க, தெரியும்."

"ஐயையோ! அக்கா திட்டுவாங்க."

அது உண்மைதான். அந்த மண்ணில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது மாஸ்டர் மனைவியின் கட்டளை.

முப்பத்தைந்து வருஷம் துணி வெட்டிய கை அது. தெருவில் அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு, ஒரு காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் திரும்பியது, பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் மடங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்தன.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் ஐந்நூறு தடவை பிசையச் சொன்னாள். மாஸ்டர் மூன்று தடவை பிசைந்து பார்த்தார்.

"கோட்டு வெட்டின கை இது. பந்து விளையாடச் சொல்றாளா?"

பந்து மதில் சுவரைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தையல் கடைச் சாவி எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதை மட்டும் பார்க்கமாட்டார்.

மனைவியின் தம்பிக்கு அந்தச் சாவியின் மேல் ஒரு கண். அவனைக் குறை சொல்லக்கூடாது, அவனுக்கும் பிழைப்பு வேண்டும்.

"மூணு மாசம் பார்ப்போம் மாமா. அப்பவும் கத்தரி பிடிக்க முடியலன்னா சாவியை என்கிட்ட குடுங்க. ஜெராக்ஸ் மெஷின் போடுறேன். பூட்டியே கிடந்தா கடை பாழாப் போயிடும்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில்தான் மனைவி சொன்னாள்: "பின்னாடி சும்மா கிடக்குற இடத்துல வெண்டை போடணுங்க. நம்ம வீட்டுல விளைஞ்ச ஒரு காயை நான் சமைச்சதே இல்ல."

"ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லு."

"ஆள் வெட்டினா ஆளோட தோட்டம். நீங்க வெட்டினாதான் என் தோட்டம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது மிகக் குறைவு. மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. பத்தடிக்கு ஆறடி இடம். கறுத்த களிமண். வெட்டினால் தலையளவு கட்டிகளாகப் பெயர்ந்தது. அந்தக் கட்டிகளை இரண்டு கையாலும்தான் உதிர்க்க வேண்டும் என்றாள் மனைவி.

"எந்த அளவுக்கு?"

"சட்டை பட்டன் அளவுக்கு. அதுக்கு மேல இருந்தா விதை மூச்சு முட்டிச் செத்துடும்."

"யார் சொன்னா?"

"டிவியில சொன்னாங்க."

விதைப் பாக்கெட் அவள் இடுப்பில் இருந்தது. சாயங்காலமானால் ஒரு பட்டனோடு வருவாள். மண்ணின் மேல் வைத்து, குனிந்து, நெடுநேரம் பார்ப்பாள்.

"இது கோட்டு பட்டன் அளவு. நான் சட்டை பட்டன் கேட்டேன்."

ஒருநாள் மாஸ்டர் ரோஷத்தோடு பாதி இடத்தைச் சட்டை பட்டன் அளவுக்கு உதிர்த்து முடித்தார். விரலெல்லாம் வலித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். அந்த மாத்திரை போட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் மண் பழையபடி கல்லாகக் கிடந்தது. கைவிரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"காய்ஞ்சு போச்சுங்க. அதான் இறுகிடுச்சு" என்றாள் மனைவி.

காய்ந்ததுதான் தப்பு என்றால் தண்ணீர் விட்டால் போகிறது. மறுநாள் பத்துக் குடம் ஊற்றினார். அதற்கடுத்த நாள் உள்ளே இறங்கியவரால் ஏற முடியவில்லை. செருப்பு இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. ஒன்றைத்தான் மீட்க முடிந்தது.

நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டார். "மணல் போடுங்க மாஸ்டர், பொலபொலன்னு ஆயிடும்" என்றார் அவர். நாலு மூட்டை மணல் வந்தது. மாஸ்டர் இரண்டு நாள் கலந்தார், உதிர்த்தார், சலித்தார். தூங்கி எழுந்தபோது சிமெண்ட் தரை தயாராக இருந்தது.

"சூப்பர் மாஸ்டர்!" என்றார் டிரைவர் மேலேயிருந்து. "வேனை இங்கேயே நிறுத்திக்கலாம் போல."

மாஸ்டர் நர்சரிக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் உட்கார்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"தழையும் எருவும் போட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். அரை நாள்ல இப்படி இறுகுற மண்ணை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. கொத்தனார் பூசி விட்ட மாதிரி இருக்கு."

தழை போட்டார். எரு போட்டார். அதோடு சேர்த்து இறுகியது.

நர்சரிக்காரர் சொன்னது மாஸ்டர் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் குழாய் கசிகிறது, அதுதான் மண்ணை ஊறவைத்து இறுக்குகிறது என்று முடிவு கட்டினார். கடப்பாரையை எடுத்து ஓரமாகப் பள்ளம் தோண்டினார். மூன்றாவது குத்தில் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

"பார்த்தியா! நான் சொன்னேன்ல?" என்று நனைந்தபடி கத்தினார்.

பிளம்பர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழாய்ல கசிவே இல்ல சார். இப்ப நீங்க போட்ட ஓட்டை ஒண்ணுதான் இருக்கு."

மாடிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. டிரைவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது மாஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்றும் ஆச்சரியமாக இருந்தது. மனைவி தினமும் சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதமெல்லாம் வெடித்திருந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

"வெட்டுறது நான். உனக்கு எதுக்கு வலிக்குது?"

"வயசாகலையா எனக்கு?"

அதற்கு மேல் மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்கு மண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை. விடிந்தால் வெட்டினார், உதிர்த்தார். துணி நாடா எங்கே போனதென்று தெரியவில்லை, தேடவும் நேரமில்லை. மூன்று மாதத்தில் ஒரு விதை ஊன்றவில்லை. ஒரே இடத்தை அறுபது எழுபது தடவை வெட்டிய மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சொன்ன நாளில் மைத்துனன் வந்தான். உட்கார்ந்தான். சாவியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"எடுத்துக்கோப்பா" என்றார் மாஸ்டர். "கடையும் போச்சு. இவ ஆசையா கேட்ட ஒரு வெண்டைக்காய், அதையும் என்னால குடுக்க முடியல. எதுக்கும் உதவாதவனா ஆயிட்டேன்."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினாள். மைத்துனன் எழுந்து சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஒரே ஒரு வேலை பார்த்துடுறேன்" என்று மாஸ்டர் எழுந்து பின்பக்கம் வந்தார். "மழையோ, வெயிலோ, நாயோ, ஏதோ ஒண்ணு வந்துதான் அந்த மண்ணைக் கெடுக்குது. இன்னைக்கு அதை மூடிக் கட்டிடுறேன்."

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூடுறதா? அதெல்லாம் வேண்டாங்க! மண்ணுக்குக் காத்து வேணும்!"

மேலே டிரைவர் இருமினார்.

மாஸ்டர் கேட்கவில்லை. பழைய திரைச்சீலை ஒன்று பரணிலிருந்து வந்தது. நல்ல கெட்டித் துணி. பாத்தியை விட இரண்டு மடங்கு அகலம். நாலாக மடித்துப் போட்டார்கள். வீட்டுப் பெரிய கத்தரியை எடுத்து மைத்துனன் வெட்டத் தொடங்கினான். நாலு விரற்கடை போவதற்குள் துணி இந்தப் பக்கம் இழுத்தது, அந்தப் பக்கம் இழுத்தது, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வந்தது.

மாஸ்டர் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்து மறுபடியும் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"தள்ளுடா! துணியையாடா கொலை பண்றே?"

கத்தரியைப் பிடுங்கினார். மண்டியிட்டார். நாலு மடிப்புக் கெட்டித் துணியில் கத்தரி கரக் கரக்கென்று நுழைந்தது. எங்கும் நிற்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு போட்ட மாதிரி போய், வெளியே வந்தது.

கத்தரியை அவர் எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பதை எல்லோருக்கும் கடைசியாக மாஸ்டர்தான் கவனித்தார். விரல்களை விரித்தார். மடக்கினார். திரும்ப விரித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஏண்டி, இங்க பாரேன்" என்றார். "என் கைடி."

மனைவி படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மைத்துனன் உள்ளே போய், சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பார்த்தார், கல்லாகக் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"எப்படி? பந்தைக்கூட நான் மூணு தடவைக்கு மேல பிசையலையே!"

மாடியிலிருந்து டிரைவர் நீளமாக மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அப்பாடா! அக்கா, இனிமே நீங்க மத்தியானத்துல தண்ணி ஊத்தி அந்த மண்ணை மிதிக்கவும் வேணாம், மாஸ்டர் முழிச்சிட்டாரான்னு நான் உங்க ரூம் ஜன்னலுக்குக் காவல் நிக்கவும் வேணாம்!"