நாற்பத்தொரு கற்பனைக் குடும்பங்கள்

சுதந்திரத்துக்காகப் பாடுபட்டவர்கள் உலகில் பலர். குதிரை மேலேறிப் பாடுபட்டவர்களுக்கு எங்கள் மெதெயின் நகரச் சதுக்கங்களில் சிலைகள் உண்டு. புறாக்கள் அவர்களைக் கவனித்துக்கொள்கின்றன. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சுதந்திரத்தைக் காப்பாற்றிய மகான் ஒருவர்தான். 'கடிவாளமில்லாக் குதிரை' சுயேச்சைப் பதிப்பகத்தின் நிறுவனரும் உரிமையாளரும் தலைமை ஆசிரியருமான தோன் அர்னுல்ஃபோ ரெஸ்த்ரேப்போதான் அவர். அவருடைய பெருமை போதுமான அளவு பேசப்படவில்லை என்ற மனவருத்தத்தில் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சுயேச்சை என்றால் சும்மா இல்லை. பெரிய பதிப்பகங்கள் வாசகனை நம்பிப் பிழைக்கின்றன. அர்னுல்ஃபோவுக்கு அந்த அடிமைத்தனம் கிடையாது; அவர் புத்தகங்களை யாரும் வாங்குவதில்லை. அரசாங்கத்தின் தயவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மின்சாரக் கழகத்தின் 'பண்பாட்டு இல்ல'த்தில், மூன்றாம் மாடியில், மலை தெரியும் ஜன்னலோடு ஓர் அறையைக் கழகம் அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தது. வாடகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது குடித்தனம், கேட்காததால் அது சுதந்திரம் என்று வருகிறவர்களுக்கு அவர் விளக்குவார்.

அவருடைய நூற்பட்டியல் மூன்று நிறங்களில் இருந்தது. புனைவுக்கு மஞ்சள் அட்டை, பயணத்துக்கு நீலம், நினைவுக்குறிப்புக்குச் சிவப்பு. எந்தக் கையெழுத்துப் பிரதி எந்த நிறத்தில் பிறக்க வேண்டும் என்பதை அர்னுல்ஃபோ ஒருவரே தீர்மானிப்பார். அந்தத் தீர்மானத்தில் அவருக்கிருந்த துணிச்சல் சாதாரண மனிதர்களுக்கு வராது. மஞ்சளில் வந்த ஒரு நாவல் முழுக்க முழுக்கக் கவிஞர் ஒருவரின் விவாகரத்துதான். பெயர்கள் மட்டும் மாறியிருந்தன. முன்னாள் மனைவி வெளியீட்டு விழாவுக்கே வந்து குடையால் விமர்சனம் செய்துவிட்டுப் போனார். நீலத்தில் தலைசிறந்தது 'ஒட்டகத்தின் முதுகில் பதினோரு மாதம்'. எழுதிய ஃபாப்ரீசியோவுக்கு விமானம் என்றால் பயம். மாடிப்படி என்றாலும் பயம்தான். எந்த இடத்தையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் நன்றாக எழுத முடியும் என்பது அவர் கொள்கை. சகாராவை அவர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தார்.

சிவப்பு அலமாரியின் மணிமகுடம் 'நதியோடு நான் வளர்ந்தேன்'. மின்சாரக் கழகத் தலைவரின் நினைவுக்குறிப்பு. தலைவர் பிறந்தது தலைநகரில். நதியை முதன்முதலில் ஹெலிகாப்டரிலிருந்துதான் பார்த்தார். நினைவுகளைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் இல்லாததால் அர்னுல்ஃபோவே பத்தொன்பது நாட்களில் அவருக்காக நினைத்துக் கொடுத்தார். அதில் எல்லோரும் மெச்சிய வரி இது: "அணைக்கு இடம் பார்க்க நான் போய் நின்றபோது, அந்தப் பள்ளத்தாக்கில் கொக்குகளைத் தவிர வேறு குடிமக்கள் இல்லை." பத்தி கொஞ்சம் இருண்டிருந்தது, வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியதால் அர்னுல்ஃபோ கொக்குகளைப் போட்டார். மற்றபடி அவருக்கு யார்மேலும் விரோதம் இல்லை.

அந்தக் கொக்குகளில் ஒன்றுதான் ஒரு மே மாதக் காலையில் மூன்று மாடி ஏறி அவர் அறைக்கு வந்தது. பெயர் ஒதிலியா ஹிரால்தோ. வயது ஐம்பத்தெட்டு. சான் ஃபாபியான் என்ற ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள். ஊர் இப்போது அணைக்குள் இருக்கிறது. முதலில் புல்டோசர் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. நாற்பத்தொரு குடும்பங்கள் மெதெயினின் மலைச்சரிவுகளில் தகரம் போட்டு ஒண்டிக்கொண்டிருந்தன.

அவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அங்கே ஓர் ஊர் இருந்தது என்று நிரூபித்தால் கழகம் வேறு இடத்தில் நிலம் கொடுத்து ஊர் கட்டித் தர வேண்டும். நிரூபிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஊரே கிடையாது, மீன் பிடிக்க வந்து போகிறவர்கள் போட்ட குடிசைகள்தான் என்றது கழகம். நிலப் பத்திரம் ஒருவரிடமும் இல்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வேலிதான் பத்திரம். கோயிலில் இருந்த ஞானஸ்நானப் பதிவேட்டைப் பத்திரப்படுத்துவதாகச் சொல்லிக் கழகம் எடுத்துப் போனது. இப்போது அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக இருக்கிறது.

ஒதிலியா பையிலிருந்து ஆறு பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குக் கதை எழுதவெல்லாம் வராது, டாக்டர்," என்றாள். மெதெயினில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் டாக்டர்தான். "எந்த வீட்டுக்குத் தினம் எத்தனை ரொட்டி போச்சுன்னு எனக்குத் தெரியும். அதை வச்சு வீடு வீடா எழுதியிருக்கேன். ஆளு பேரு, புள்ளைங்க பேரு, நாய் பேரு எல்லாம் இருக்கு. ஆகஸ்டுல விசாரணை. அச்சடிச்ச புஸ்தகமா இருந்தா ஜட்ஜ் மதிப்பாருன்னு எங்க வக்கீல் சொல்றாரு."

அர்னுல்ஃபோ அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. படித்தார். கணவன் செத்த பிறகும் பதினாறு வருஷம் தினமும் இரண்டு ரொட்டியே வாங்கிய விதவையின் பக்கத்துக்கு வந்தபோது நிஜமாகவே அழுதார். இதை நாம் மறைக்கக் கூடாது. நல்ல எழுத்து எது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் ஒதிலியாவுக்கு ஆள் அனுப்பி, அரெப்பா என்னும் சோள அடையும் காபியும் வாங்கிக் கொடுத்து, ஒரு கமாவைக்கூட மாற்றாமல் போடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குத் தவறியதாக இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை.

அடுத்து நூல்தேர்வுக் குழு கூடியது. அர்னுல்ஃபோ, ஒட்டகப் புகழ் ஃபாப்ரீசியோ, 'விருந்தினர் வாசகர்' என்ற கௌரவப் பொறுப்பில் கழகத்தின் பண்பாட்டு அதிகாரி டாக்டர் வில்மார். அவர் உண்மையிலேயே டாக்டர். பல் வைத்தியம் படித்துவிட்டுப் பண்பாட்டுக்கு வந்தவர்.

சிவப்பு அட்டை என்று அர்னுல்ஃபோ முன்மொழிந்தார். வில்மார் காபியை வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தார். அதில் சான் ஃபாபியான் இல்லை. நீலமாக ஓர் ஏரி இருந்தது. வரைபடத்தை அச்சிட்டது கழகம்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்வது மரியாதையாகவும் இருந்திருக்காது.

"தலைவரோட நினைவுல அங்க கொக்குதான் இருக்கு," என்றார் வில்மார். "இந்தம்மா நினைவுல நாப்பத்தொரு குடும்பம் இருக்கு. ரெண்டையும் ஒரே அலமாரியில வச்சா வாசகன் என்னய்யா பண்ணுவான்? ஒரே பதிப்பகத்துக்கு எப்படி ரெண்டு நினைவு இருக்கும்?"

அர்னுல்ஃபோ தயங்கினார். வில்மார் அவரை வற்புறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் போய், இங்கேயிருந்து மலை எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னார். அர்னுல்ஃபோவும் மலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

நீலத்தில் போடலாமே, தண்ணீருக்கடியில் ஒரு பயணம் மாதிரி என்றார் ஃபாப்ரீசியோ. ஆசிரியர் நேரில் போய் வந்த இடத்தைப் பற்றி எழுதியிருப்பதால் அது பயண இலக்கியம் ஆகாது என்று குழு அதை நிராகரித்தது. மிஞ்சியது மஞ்சள். மூன்று கைகள் உயர்ந்தன. அர்னுல்ஃபோவின் கை கடைசியாக உயர்ந்தது, ஆனால் தானாகவேதான் உயர்ந்தது.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் புத்தகம் வந்தது. அட்டை ஏன் மஞ்சள் என்று ஒதிலியா கேட்டாள். மஞ்சள்தான் எங்களிடம் உயர்ந்த ஜாதி, அமரத்துவம் பெறும் எழுத்துக்கு மட்டும்தான் கொடுப்போம் என்றார் அர்னுல்ஃபோ. சொல்லும்போது அவரே அதை நம்பினார்.

"உள்ள எதுவும் மாறலியே?"

"ஒரு கமாகூட மாறலை, அம்மா."

அது உண்மை. மாற்றவில்லை, சேர்த்தார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில், அச்சக முகவரிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் வழக்கமான வாசகம்: "இந்நாவலில் வரும் ஊர், மனிதர்கள், சம்பவங்கள் யாவும் கற்பனையே. உண்மையோடு ஒற்றுமை தென்பட்டால் அது தற்செயலே." அந்தப் பக்கத்தை எழுதியவரும் படிப்பதில்லை, வாங்கியவரும் படிப்பதில்லை. ஊர்க்காரர்களின் வக்கீல் இலவச சட்ட உதவியில் இருப்பவர். கையில் முந்நூறு வழக்கு. அவர் தலைப்பைப் பார்த்தார், தடிமனைப் பார்த்தார், தாக்கல் செய்துவிட்டார்.

கழகத்தின் வக்கீல் அம்மாள் படித்தார்.

நீதிமன்றத்தில் நாற்பத்தொரு குடும்பங்களும் துவைத்த சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தன. வக்கீல் அம்மாள் புத்தகத்தை எதிர்க்கவே இல்லை. மஞ்சள் அட்டையைத் தடவிக்கொடுத்து, சமீபத்தில் தன்னை இப்படி அழவைத்த நாவல் வேறில்லை என்றார். விதவையின் பகுதியை நீதிபதிக்குப் படித்தும் காட்டினார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த விதவை, தன் பெயர் வந்ததும் எழுந்து நின்றாள். உட்காரும்படி சேவகன் சைகை காட்டினான்.

பிறகு வக்கீல் அம்மாள் எறும்பெழுத்து வாசகத்தைப் படித்தார். சிவப்புப் புத்தகத்தைத் திறந்து கொக்குகளையும் படித்தார். சாட்சிக் கூண்டுக்கு அர்னுல்ஃபோவை அழைத்தார்கள்.

"ஐயா, இதைப் புனைவுன்னு போடச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

அர்னுல்ஃபோ ஒதிலியாவைப் பார்த்தார். அவள் முன்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும், ஊருக்கு நிலம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆமாம் என்றால் இருபத்திரண்டு வருஷத்துச் சுயேச்சை என்ன ஆவது? கதவருகே வில்மார் நின்றுகொண்டிருந்தார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பதிப்பகம் சுயேச்சையானது," என்றார். "எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. நாங்களாத்தான் முடிவு பண்ணோம்."

"அந்தச் சிவப்புப் புத்தகம்?"

"அது... நினைவுக்குறிப்பு."

நீதிபதி பழைய காலத்து மனிதர். மனிதர்கள் மாற்றிப் பேசுவார்கள், காகிதம் மாற்றிப் பேசாது என்பது அவர் அனுபவம். மாலையே தீர்ப்புச் சொன்னார். புகழ்பெற்ற சுயேச்சைப் பதிப்பகம் ஒன்று, எவருடைய தூண்டுதலும் இன்றி, கற்பனை என்று சான்றளித்துள்ள ஊருக்கு நிலம் ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லை. 'புகழ்பெற்ற' என்ற சொல் வந்த இடத்தில் அர்னுல்ஃபோ தன்னையறியாமல் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

வெளியே நீதிமன்றப் படியில் அவர் ஒதிலியாவைப் பிடித்தார். ஓடி ஒளிந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. தனக்கும் மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்றார். செப்டம்பர் புத்தகக் கண்காட்சியில் ஆண்டின் சிறந்த நாவலுக்கான பரிசுப் பட்டியலில் புத்தகம் சேர்ந்துவிட்டது, நடுவர் குழுவில் ஃபாப்ரீசியோ இருக்கிறார், கிடைத்த மாதிரிதான் என்றார். அடுத்த நாவலை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

ஒதிலியா அழவில்லை. குடும்பங்கள் எல்லாம் கீழே பஸ்ஸுக்குக் காத்து நின்றன. அவர்களிடம் போய் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அணை கட்டினவன்கூட ஜீப்புல மைக் கட்டிட்டு வந்து, காலி பண்ணுங்கன்னு மூணு நாள் கத்திட்டுத்தான் தண்ணியைத் திறந்தான், டாக்டர்," என்றாள். "நீங்க காபி குடுத்து உக்கார வச்சே எங்களை முக்கிட்டீங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அர்னுல்ஃபோ அசந்து நின்றார். நல்ல எழுத்து எது என்று அவருக்குத் தெரியும் என்பதை முன்பே சொன்னோம். பேனாவை எடுத்து, மறப்பதற்குள், ஒரு கமாகூட மாற்றாமல் அதைக் குறித்துக்கொண்டார்.

பரிசு பெற்ற நாவலின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பின்னட்டையில் அந்த வாக்கியம்தான் இருக்கிறது. கீழே, சாய்வெழுத்தில், "நாவலில் வரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் கூற்று" என்று போட்டிருக்கிறார்கள்.