மாப்பிள்ளை பார்த்த வண்டி

“மறுபடியும் வந்துடுச்சு மாப்ளே.”

மாமனார் குளியலறை வாசலில் நின்றபடி இதைச் சொன்னபோது மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. சொல்ல நினைத்தது வெளியே வரவில்லை. வராததும் நல்லதுதான்.

“அதேதானா?” கொப்பளித்துவிட்டுக் கேட்டார்.

“அதேதான். ‘மின் இணைப்பில் கோளாறு, வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தவும்’னு வருது. நிறுத்தித்தான் வச்சிருக்கு. இதுக்கு மேல எப்படி நிறுத்துறதுன்னு தெரியல.”

மாமனாரும் மாமியாரும் மகளைப் பார்த்துவிட்டுப் போக ஒரு சனிக்கிழமை வந்தவர்கள். மறுநாள் சாயங்காலமே கிளம்புவதாக ஏற்பாடு. வண்டி புதுசு. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை மாமியார் இன்னும் கழற்ற விடவில்லை. பெட்டியை ஏற்றிச் சாவியைத் திருகியபோதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் எழுத்து வந்தது. போனது. மறுபடியும் வந்தது.

“போற வழியில கம்பெனி சர்வீஸ்ல காட்டிக்கிறோம்” என்றார் மாமனார்.

அந்த ஒரு வாக்கியத்தை மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை. அவர் வேலை பார்ப்பதே ஒரு கார் சர்வீஸ் சென்டரில். கம்பெனி வேறு. அங்கே அவருக்கு வரவேற்பு மேஜையில் வேலை. வாடிக்கையாளர் சொல்வதை முகம் கோணாமல் கேட்டு, “சின்ன விஷயம்தான் சார், பார்த்துடலாம்” என்பார். பார்ப்பதற்கு உள்ளே ஆட்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் யாரோ ‘கார் எஞ்சினியர் மாதிரி’ என்று சொல்லிவைத்ததில், ‘மாதிரி’ மட்டும் நாளாவட்டத்தில் உதிர்ந்துபோயிருந்தது. அதை எடுத்து ஒட்டவைக்க அவரும் முயலவில்லை.

“நான் இருக்கும்போது எதுக்கு மாமா வெளியில காட்டணும்? என் மேல நம்பிக்கை இல்லையா? சின்ன விஷயம்தான், பார்த்துடலாம்.”

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் பெட்டியைப் பார்த்தார். பெட்டி மறுபடியும் வீட்டுக்குள் போனது.

மறுநாள் காலை வண்டியில் எந்த எழுத்தும் வரவில்லை. மாமனார் படியேறி ஓடிவந்தார்.

“சரியாயிடுச்சு மாப்ளே! கிளம்பட்டுமா?”

“அதெப்படி மாமா தானா சரியாகும்?” மாப்பிள்ளை சிரித்தார். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த சிரிப்பு அது. “விட்டு விட்டு வர்ற கோளாறுதான் ரொம்ப ஆபத்து. அது என் கண்ணு முன்னால வரணும், காரணம் என்னன்னு நான் பிடிக்கணும். காரணம் தெரியாம உங்களை அனுப்ப மாட்டேன்.”

“காரணம் தெரிஞ்சே ஆகணுமா?”

“தெரிஞ்சே ஆகணும்.”

மாமனார் யோசனையோடு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது மாப்பிள்ளையின் நாற்காலி. படுக்கையறையும் ஏற்கெனவே கைமாறியிருந்தது. மாப்பிள்ளை சோபாவில், காலைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. மாமனார் காது கேட்கிற அளவுக்கு வைத்தால் எதிர்வீட்டுக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை எழுத்து வந்தது. மாப்பிள்ளைக்கு உள்ளூரச் சந்தோஷம். பேட்டரி ஒயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினார். எழுத்து போகவில்லை. ஆனால் கடிகாரம் நின்றது. ரேடியோ ஏதோ ரகசிய எண் கேட்டது. மூடியிருந்த ஜன்னல் பாதி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

“சீட்டுக்கு அடியில எல்லாம் பார்த்தாச்சா மாப்ளே?” பக்கத்தில் நின்ற மாமனார் கேட்டார். “சும்மா ஒரு யோசனைதான்.”

“இது சென்சார் சமாச்சாரம் மாமா. சீட்டுக்கு அடியில குப்பைதான் இருக்கும்.”

பேட்டரியையே மாற்றினார். சாயங்காலம் மாமனாரும் மாமியாரும் காய்கறி வாங்க அதே வண்டியில் போய்வந்தார்கள். எழுத்து வரவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போகலாம், ஊருக்குத்தான் போகக்கூடாது என்பது மாப்பிள்ளையின் சட்டம். காலையில் எழுத்து திரும்ப வந்தது. அடுத்த நாளும் அப்படியே: சாயங்காலம் வண்டி சாது, காலையில் முரடு.

இதைக் கவனித்ததும் மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது.

“குளிர்!” என்றார். “ராத்திரி குளிர்ல ஒயரெல்லாம் சுருங்குது. அதான் காலையில மட்டும் வருது.”

அன்றிரவு தன் போர்வையை எடுத்துக்கொண்டு கீழே போய் வண்டியின் முகத்தைப் போர்த்திவிட்டு வந்தார். விடியும்வரை அவர் நடுங்கினார். விடிந்ததும் எழுத்து வந்தது.

மாமியார் மகளிடம் முணுமுணுத்தார்: “செடியெல்லாம் காய்ஞ்சு கருகியிருக்கும்டி. கம்பெனியிலயே விட்டுடலாம்னு நீயாவது சொல்லேன்.”

மகள் சொன்னாள். மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

லீவு போட்டு டாஷ்போர்டைக் கழற்றினார். திருப்பி மாட்டியபோது ஒரு கை நிறைய ஸ்குரு மிஞ்சியது. இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடியது. வலது பக்கம் போட்டால் எதுவுமே ஆடவில்லை. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, என் பேனா இந்தச் சீட்டுக்கு அடியில விழுந்துடுச்சு. கொஞ்சம் குனிஞ்சு எடுத்துத் தரீங்களா?”

“இந்தாங்க, என் பேனாவை வச்சுக்குங்க மாமா.”

மாமனார் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டார்.

அப்புறம் ஆபீஸ் நண்பர் ஒருவர் லேப்டாப் கொடுத்தார். வண்டியின் மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார். புதுப்பித்ததும் எழுத்துகள் ஏதோ வேற்று மொழிக்கு மாறின. கதவைத் திறந்தால் ஒரு பெண் குரல் அந்த மொழியில் வேகமாகப் பேசியது.

“ஏதோ திட்டுது” என்று மாமியார் பின்வாங்கினார்.

“முன்னாடி என்ன கோளாறுன்னு படிக்கவாவது முடிஞ்சுது” என்றார் மாமனார்.

அன்று சமையலறையில் மாப்பிள்ளை மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, உங்கப்பாவுக்கு ஊருக்குப் போற எண்ணமே இல்லையோ?”

“என்ன பேச்சு இது?”

“தினம் விடியறதுக்குள்ள நடக்கப் போறேன்னு கீழே போறார். திரும்பி வந்ததும் ‘மறுபடியும் வந்துடுச்சு’ங்கறார். அவரே ஏதாவது பண்றாரோன்னு...”

“எங்கப்பாவா? சொந்த வண்டியைக் கெடுத்துக்கிட்டு உங்க வீட்டு சோத்துக்கு உட்கார்ந்திருக்காரா?”

கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்த சத்தத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த நாள் முழுவதும் அந்த வீட்டில் அவரோடு பேசியது வண்டி மட்டும்தான்; அதுவும் புரியாத மொழியில்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தது. மாப்பிள்ளை பானட்டைத் திறந்துவைத்து, எதைக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கழற்றாதது அதிகம் பாக்கியில்லை. முகத்தில் ஒரு வாரத் தாடி. இனி தோல்வியை ஒப்புக்கொள்வது எப்படி, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

“மாப்ளே!” முன்சீட்டிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “என் வீட்டுச் சாவிக்கொத்து சீட்டுக்கு அடியில போயிடுச்சு. உங்க சாவியை நான் வாங்கிக்க முடியாது. நீங்களே எடுத்தாத்தான் உண்டு.”

மாப்பிள்ளை அலுப்போடு மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். சாவிக்கொத்து தெரிந்தது. அதற்கு ஒட்டினாற்போல, பாதி கழன்ற ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்தின் வளையம் அதன் ஒயரிலேயே மாட்டிக்கிடந்தது.

பிளக்கை அழுத்தினார். ‘டக்’ என்றது. எழுத்து மறைந்தது.

“மாமா!” என்று அலறியதில் மாடி ஜன்னல்கள் திறந்தன. “கிடைச்சுடுச்சு! காரணம் கிடைச்சுடுச்சு!”

“அப்படியா? எங்கே, எங்கே?” மாமனார் குனிந்து பார்த்தார். “அடேயப்பா! இத்தனூண்டு பிளக்கா? இதைப் பிடிக்க ஒரு தனிக் கண்ணு வேணும் மாப்ளே.”

“அனுபவம்தான் மாமா.” மாப்பிள்ளை முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நான் முதல்லேயே நினைச்சேன். படிப்படியா ஒவ்வொண்ணா ஒதுக்கிக்கிட்டே வந்தேன், கடைசியில அது ஒளிய இடமில்லாமப் போச்சு.”

அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டி படியிறங்கி வந்துவிட்டது. மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். ஒரு வாரமாக உள்ளுக்குள் பொருமியதெல்லாம் மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷம் கரைந்துபோயிற்று. இந்த நல்ல மனுஷரையா சந்தேகப்பட்டோம் என்று கூச்சமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே மாமா” என்றார், மனசாரவே.

“ஐயோ, வேண்டாம்!” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மாமனார் வண்டியைக் கிளப்பினார். அந்தப் பெண் குரல் ஏதோ சொல்லி வாழ்த்தியது. மாப்பிள்ளை பின்பக்கம் டிக்கியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, பாதி இறங்கி நின்ற ஜன்னல் வழியாக மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது காதில் விழுந்தது:

“அந்தப் பிளக்கை உங்கப்பா கோளாறு வந்த அன்னிக்கு ராத்திரியே பார்த்துச் சொருகிட்டார்டி; காரணம் தெரியாம அனுப்ப மாட்டேன்னு மாப்பிள்ளை ஒத்தைக் கால்ல நிக்கவும், சரி, அவர் கையாலயே கண்டுபிடிக்கட்டும்னு தினம் விடியறதுக்கு முன்னாடி போய்ப் பிடுங்கி விட்டு, சாயங்காலம் திரும்பச் சொருகி, மனுஷனுக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு!”